முதல் கவளத்தில் பெருங்காயம்

வயிற்று உப்புசத்துக்கு ஆயுர்வேதத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட பெயர்கள் உண்டு. கடும் வலியும் இரைச்சலுமாக வயிறு ஊதி, காற்றுப் பிரியாமல் நிற்பது ஆத்மானம். அதே ஊதல் விலாப் பக்கம் போகாமல் மேல்வயிற்றோடு நின்றால் பிரத்யாத்மானம். மலமோ, செரியாமல் மிஞ்சிய ஆமமோ தேங்கி, கீழே இறங்க வேண்டியது இறங்காமல் கட்டிக்கொள்வது ஆனாஹம். குடலுக்குள் கடமுடவென்று ஓடும் சத்தம் ஆடோபம். வைத்தியசாலை வாசலில் இந்த நான்குக்கும் ஒரே பெயர்தான்: கேஸ். "ஒரே கேஸுங்க டாக்டர், வயிறு கும்முனு இருக்குதுங்க" என்று வந்து உட்காருபவருக்கு இருப்பது இவற்றில் எது என்று பிரித்தறிவதிலேயே வைத்தியரின் நேரம் பெரும்பாலும் போய்விடும். மருந்து எழுத இரண்டு நிமிடம் போதும்.

கோவைப் பக்கத்து ஆயுர்வேதம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்த கேரள மரபு. 1943இல் பி.வி. ராம வாரியர் கோவையில் ஆரிய வைத்திய பார்மசியைத் தொடங்கிய பிறகு அது இங்கே நன்றாகவே வேரூன்றிவிட்டது. நோயாளி கொங்குத் தமிழில் பேசுவார். மருந்துச் சீட்டில் குளிகை, கஷாயம், அரிஷ்டம் என்று பாதி மலையாள வாடை அடிக்கும். நோயைக் கணிக்க வாக்படரின் அஷ்டாங்க ஹிருதயம், மருந்துக்கு சஹஸ்ரயோகம் என்பது இந்த மரபின் வழக்கம்.

அந்த மரபின் கணக்கில் உடலுக்குள் வாயு ஐந்து. உப்புசத்தில் முக்கியமாகப் பார்க்க வேண்டியவை இரண்டு. இரைப்பையை ஒட்டி நின்று பசித்தீயை ஊதிவிடுவது சமானன்; அடிவயிற்றில் இருந்துகொண்டு மலம், சிறுநீர், காற்று எல்லாவற்றையும் கீழே தள்ளுவது அபானன். சமானன் தளர்ந்தால் தீ மங்கிச் சோறு கிடந்து புளிக்கும். அபானன் தடைபட்டால் அடுப்பு நன்றாக எரிந்தும் புகை வெளியேற வழியிருக்காது. முதலாமவருக்குத் தீயைத் தூண்ட வேண்டும், இரண்டாமவருக்கு வழியைத் திறக்க வேண்டும். வழி அடைத்திருக்கும்போது தீயை மட்டும் தூண்டினால் வயிறு இன்னும் முறுக்கிக்கொள்ளும். கடையில் தானாக வாங்கிச் சாப்பிட்ட சூரணம் கேட்கவில்லை என்று வருபவர்களில் பலருடைய கதை இதுதான்.

இந்தப் பிரிவினைக்கெல்லாம் முன்னால் வைத்தியர் தீர்த்துக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: இது வயிறுதானா? ஐம்பது வயதைத் தாண்டியவர், சர்க்கரை வேறு இருக்கிறது, காலையிலிருந்து மேல்வயிறு அடைத்தாற்போல் இருக்கிறது, வியர்க்கிறது, சோடா குடித்தும் ஏப்பம் வரவில்லை என்று சொல்கிறார் என்றால், நாடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கக் கூடாது. உடனே இ.சி.ஜி. எடுக்க அனுப்ப வேண்டும். மாரடைப்பு கேஸ் வேஷம் போட்டு வருவது அபூர்வமல்ல. சர்க்கரை நோயாளிக்கு நெஞ்சுவலியே தெரியாமலும் வரும். காரணமில்லாமல் எடை குறைவது, மலத்தில் ரத்தம், தார்போலக் கறுத்த மலம், விழுங்கச் சிரமம், நிற்காத வாந்தி, ரத்தசோகை, தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி ஆகியவையும் சூரணத்துக்கு அடங்குபவை அல்ல. ஐம்பதைக் கடந்த பெண்ணுக்குப் புதிதாக வயிறு உப்பி, வாரக்கணக்கில் இறங்காமல் நின்றால் சினைப்பையை ஸ்கேன் எடுத்துப் பார்க்காமல் மருந்து கொடுப்பது தவறு. ஐந்தரை ஆண்டு பி.ஏ.எம்.எஸ். படிப்பில் இதெல்லாம் பாடமாகவே வருகிறது. ஆனாலும் 'நம்ம மருந்திலேயே சரியாகட்டும்' என்று நோயாளி கெஞ்சும்போது உறுதியாக அனுப்பிவைக்கும் துணிவு தொழிலில்தான் வருகிறது.

அடுத்த கேள்வி, சாப்பிட்டு எவ்வளவு நேரம் கழித்து உப்புகிறது என்பது. கையை இலையிலிருந்து எடுத்ததுமே கனத்து, குமட்டி, சாப்பிட்ட சாம்பாரின் வாசனையே ஏப்பத்தில் வந்து, கண்ணுக்குக் கீழே சற்று வீங்கினாற்போல் இருந்தால் அது ஆமாஜீரணம், கபத்தின் வேலை. ஒன்றிரண்டு மணி நேரத்தில் புளித்த ஏப்பம், எரிச்சல், தாகம், வியர்வை என்று போனால் விதக்தாஜீரணம்; பித்தம். நாலைந்து மணி நேரம் கழித்து, மாலையில் இடுப்புத் துணி இறுகும் அளவுக்கு ஊதி, குத்தலும் உடம்பு வலியும் மலக்கட்டும் சேர்ந்தால் விஷ்டப்தாஜீரணம், வாதம். நூல்கள் இந்த மணிக்கணக்கைச் சொல்லவில்லை, அறிகுறிகளை மட்டுமே சொல்கின்றன. மணிக்கணக்கு தொழிலில் கிடைத்த குறுக்குவழி. பத்துக்கு ஏழெட்டுத் தடவை பலிக்கும்.

நான்காவது வகையான ரசசேஷாஜீரணத்தைப் பலரும் தவறவிடுகிறார்கள். ஏப்பம் சுத்தமாக வரும், ஆனால் சோற்றைப் பார்த்தாலே வேண்டாம் என்றிருக்கும், நெஞ்சில் ஒரு பாரம். இதற்கு அஷ்டாங்க ஹிருதயம் சொல்லும் சிகிச்சை மருந்தே இல்லை: ஒன்றும் சாப்பிடாமல் சற்றுநேரம் படுத்துத் தூங்குவது. ஆமத்துக்கு லங்கனம், அதாவது பட்டினியோ கஞ்சியோ. விஷ்டப்தத்துக்கு ஒத்தடம். விதக்தத்துக்கு நூலில் உள்ள வாந்தி சிகிச்சையை வெளிநோயாளிக்கு யாரும் செய்வதில்லை. குளிர்ச்சியான உணவும் பித்தம் தணிக்கும் மருந்துமாகப் போகிறது.

கேள்விகள் முடிந்த பிறகுதான் வயிற்றில் கை வைப்பது. இடது உள்ளங்கையை வயிற்றில் பதித்து வலது நடுவிரலால் தட்டினால், காற்று நிறைந்த இடம் உடுக்கைபோல் ஒலிக்கும். மலம் தேங்கிய இடது கீழ்வயிறு மந்தமாக ஒலிக்கும். நாக்கில் தயிர் பூசினாற்போல் வெண்மை படிந்திருந்தால் ஆமம் இருக்கிறது. ஆமம் இருக்கும்போது நெய் கொடுக்கக் கூடாது, எண்ணெய் தேய்த்துக் குளிக்கச் சொல்லவும் கூடாது.

இந்த நோய்க்குப் பேர்போன மருந்து ஹிங்வாஷ்டக சூரணம். கேரளத்தில் அஷ்டசூர்ணம் என்பார்கள். சுக்கு, மிளகு, திப்பிலி, அசமோதகம், இந்துப்பு, சீரகம், கருஞ்சீரகம், பெருங்காயம் என்று எட்டுச் சரக்கு. சித்த மருத்துவத்தின் அஷ்டாதி சூரணமும் ஏறக்குறைய இதே கூட்டுதான். இரண்டு மருத்துவமும் ஒரே அஞ்சறைப்பெட்டியைத் திறந்து பார்த்திருக்கின்றன. இதைச் சொந்தமாகச் செய்து பார்த்த வைத்தியருக்குத்தான் எட்டுப் பெயரில் எத்தனை சிக்கல் என்று தெரியும். அசமோதகம் கேட்டால் நாட்டு மருந்துக்கடையில் பெரும்பாலும் சமையல் ஓமத்தையே கட்டித் தருவார்கள். மலையாளத்தில் அயமோதகம் என்றாலே ஓமம்தான். வடக்கே கிருஷ்ண ஜீரகம் என்ற பெயரில் சேர்ப்பது பிரியாணிக்குப் போடும் ஷாஜீரா வகை. இங்கே கருஞ்சீரகம் என்பது முக்கோணமாக, கன்னங்கரேலென்று இருக்கும் வேறொரு விதை. இரண்டும் காற்றைப் பிரிக்கும் என்பதால் பெரிய பழுதில்லை. ஆனால் ஒரு கடைச் சூரணம் இன்னொரு கடைச் சூரணம்போல் மணக்காததற்கு இது ஒரு காரணம்.

பெருங்காயத்தில்தான் உண்மையான மோசம் நடக்கிறது. டப்பாவில் விற்கும் தூள் பெருங்காயம் கூட்டுப் பெருங்காயம். அதில் பாதிக்கு மேல் கோதுமை மாவும் கருவேலம் பிசின் போன்ற பசையும். சாம்பாருக்கு அது போதும், மருந்துக்குப் போதாது. கோதுமை ஒவ்வாமல் வயிறு உப்புகிறவருக்கு அந்தத் தூளே நோயை வளர்க்கும். மருந்துக்கு வேண்டியது ஆப்கானிஸ்தான், ஈரான் பக்கமிருந்து வரும் பால் பெருங்காயம். நெடுங்காலம் இந்தியாவில் அதைப் பயிரிட்டதே இல்லை; 2020 அக்டோபரில்தான் இமாசலப் பிரதேசத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கில், பாலம்பூர் ஆய்வு நிறுவனத்தின் முயற்சியில் முதல் நாற்று நட்டார்கள். ஆகவே இன்றும் விலை தீயாகத்தான் இருக்கிறது. கலப்படத்துக்கு அதுவே அழைப்பு.

பால் பெருங்காயத்தைப் பச்சையாகச் சேர்க்கக் கூடாது. இரும்புக் கரண்டியில் நெய் காய்ந்ததும் சுண்டைக்காய் அளவு கட்டியைப் போட்டால் முதலில் இளகும், பிறகு நுரைத்து உப்பும், கடைசியில் பொரித்த அப்பளம்போல் மொறுமொறுப்பாகும். விரலால் நசுக்கினால் தூளாக வேண்டும். இழுத்தால் இன்னும் பதம் வரவில்லை. கறுத்துவிட்டால் தூக்கிப் போட வேண்டியதுதான். மற்ற ஏழையும் தனித்தனியே வெயிலில் காய வைத்து, இடித்து, துணியில் வஸ்திரகாயம் செய்து கலக்க வேண்டும். மழைக்காலத்தில் செய்யாமல் இருப்பது நல்லது. இந்துப்பு ஈரத்தை இழுத்து இரண்டே வாரத்தில் சூரணத்தைக் கட்டியாக்கிவிடும். கட்டியான சூரணத்தை மறுபடி இடித்துக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள்.

கொடுக்கும் முறையில்தான் இந்த மருந்தின் நுட்பம் இருக்கிறது. அரைத் தேக்கரண்டி, ஏறக்குறைய இரண்டு கிராம். அதைச் சுடுசோற்றின் முதல் கவளத்தில் உருக்கிய நெய்யோடு பிசைந்து சாப்பிட வேண்டும். வெந்நீரில் கலக்கிக் குடிப்பது இரண்டாம்பட்சம்; சாப்பிட்டு முடித்தபின் உப்புசம் தாங்காமல் வாயில் கொட்டிக்கொள்வது மூன்றாம்பட்சம். மருந்து சாப்பிடும் வேளைகளாக அஷ்டாங்க ஹிருதயம் பத்தைச் சொல்கிறது. அபானன் கெட்டால் சாப்பாட்டுக்கு முன், சமானன் கெட்டால் சாப்பாட்டுக்கு நடுவில் என்று போகும் அந்தப் பட்டியலைப் பல வைத்தியர்கள் தேர்வோடு மறந்துவிடுகிறார்கள். சீட்டில் '1–0–1 சாப்பாட்டுக்குப் பின்' என்று எழுதுவது அலோபதியிலிருந்து ஒட்டிக்கொண்ட பழக்கம். அதே சூரணம், அதே அளவு. வேளையை மாற்றியதும் வேலை செய்வதைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பட்டியல் மறக்காது. தமிழ்நாட்டு வீடுகளில் பிள்ளை பெற்றவளுக்கு அங்காயப் பொடியை நெய் விட்டு முதல் சோற்றில் பிசைந்து போடும் பாட்டிக்கு இந்தப் பட்டியல் தெரியாது. வேளை மட்டும் பிசகாமல் தெரியும்.

பெருங்காயம் எல்லோருக்கும் ஆகாது. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு வைத்தியர், வயிறு உப்புகிறது என்று வந்த லாரி ஓட்டுநருக்கு எடுத்த எடுப்பில் அஷ்டசூர்ணம் கொடுத்தார். நான்காம் நாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தார் அவர்: "வவுத்துல நெருப்பு அள்ளிக் கொட்டுன மாதிரி இருக்குதுங்க." கேட்காமல் விட்ட கேள்விகளை அன்றுதான் கேட்க நேர்ந்தது. ராத்திரி ஓட்டத்தில் வெறும் வயிற்றில் ஏழெட்டு டீ, புளித்த ஏப்பம், வாயில் கசப்பு. உப்புசம் இருந்தது உண்மை, ஆனால் அது பித்தத்தின் உப்புசம். எரிகிற தீயில் திரிகடுகைக் கொட்டியாகிவிட்டது. சூரணத்தை நிறுத்தி, மல்லிவிதை ஊறிய தண்ணீரும் நெல்லிக்காயும் அவிபத்திகர சூரணமும் கொடுத்து, டீயைப் பாதியாகக் குறைத்த பிறகே அடங்கியது. அதன்பின் அந்த வைத்தியசாலையில் 'ஏப்பம் புளிக்குமா?' என்று கேட்காமல் யாருக்கும் பெருங்காயம் போகவில்லை. ரத்தக்கொதிப்புக்காரருக்கு அதிலிருக்கும் உப்பையும், கர்ப்பிணிக்குப் பெருங்காயத்தையும், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவருக்கு இரண்டு மருந்தும் மோதுமா என்பதையும் யோசித்தே கொடுக்க வேண்டும்.

மலக்கட்டோடு வரும் உப்புசத்துக்குக் கேரள வைத்தியர் கை தானாகப் போவது கந்தர்வஹஸ்தாதி கஷாயத்துக்கு. கந்தர்வஹஸ்தம் என்றால் ஆமணக்கு. ஆமணக்கு வேர், கடுக்காய், சுக்கு, மூக்கிரட்டை, சித்திரமூலம் முதலான எட்டுச் சரக்கு. குடிக்கும்போது வெல்லமும் இந்துப்பும் சேர்ப்பது வழக்கம். பாட்டில் கஷாயம் 15 மில்லியோடு காய்ச்சிய வெந்நீர் 45 மில்லி, காலை ஆறு, மாலை ஆறு, வெறும் வயிற்றில். பேதி ஆகாது, காற்றுக்கு வழிவிடும். வைஸ்வானர சூரணமும் இந்தக் குடும்பம்தான்; அதில் பாதியளவு கடுக்காய். காற்று மேலே ஏறி மூச்சு முட்டினால் தான்வந்தரம் குளிகை, அதுவும் சீரகத் தண்ணீரோடு. தசமூலாரிஷ்டம், ஜீரகாரிஷ்டம் போன்றவற்றில் வெல்லமும், நொதிப்பில் தானாக உண்டாகும் சாராயமும் உண்டு. சர்க்கரைக்காரரும் ஈரல் கெட்டவரும் அவற்றை 'வெறும் மூலிகைதானே' என்று குடிக்கக் கூடாது. 'கேஸ் போகும்' என்று விளம்பரத்தோடு விற்கும் பொடிகள் பலவற்றில் வேலை செய்வது நிலாவாரை. அதை மாதக்கணக்கில் தின்று பழகிய குடல் பிறகு அது இல்லாமல் அசைய மறுக்கும்.

வெளிச் சிகிச்சை எளிது, ஆனால் செய்ய ஆள் வேண்டும். இளஞ்சூடான எண்ணெயைத் தொப்புளைச் சுற்றிக் கடிகாரம் சுற்றும் திசையில் பத்து நிமிடம் தடவி, ஆமணக்கு இலையை வாட்டியோ கல்லுப்பை வறுத்துத் துணியில் முடிந்தோ ஒத்தடம் கொடுத்தால் குத்தல் அரைமணியில் தணியும். பெருங்குடலின் போக்கும் அதே திசைதான். நாள்பட்ட வாதத்துக்கு வஸ்தி, அதாவது ஆசனவாய் வழியாக எண்ணெயோ கஷாயமோ செலுத்துவது, பாதி சிகிச்சைக்குச் சமம் என்பார்கள். வாதத்தின் இருப்பிடம் பெருங்குடல் என்பது அதன் தர்க்கம். அது வைத்தியசாலையில் செய்ய வேண்டியது.

உணவில் வைத்தியர் வெட்டுவதைவிட மாற்றுவதே அதிகம். வயிற்றில் இரண்டு பங்கு திடம், ஒரு பங்கு நீர், ஒரு பங்கு காற்றுக்கு வெற்றிடம் என்பது வாக்படர் கணக்கு. முதலில் உண்டது செரிக்குமுன் அடுத்ததை உண்பது அத்யசனம், நேரம் தவறி உண்பது விஷமாசனம். மதியம் மூன்று மணிக்குச் சோறு, ஆறு மணிக்கு பேக்கரியில் டீயும் பப்ஸும், இரவு பத்தரைக்குப் புரோட்டா என்று போகும் கோவை நாளில் இரண்டுமே அடங்கிவிடும். சீட்டு எழுதுமுன் ஏழு நாளைக்கு என்ன, எத்தனை மணிக்கு என்று எழுதிக்கொண்டு வரச் சொன்னால், பாதிப்பேர் இரண்டாம் முறை வரும்போதே காரணத்தைத் தாங்களே கண்டுபிடித்திருப்பார்கள். பயறுகளில் பாசிப்பயறு எளிது. கொண்டைக்கடலையும் மொச்சையும் இரவெல்லாம் ஊறி, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டு, இஞ்சியும் பெருங்காயமும் போட்டு வெந்தால் உபத்திரவம் குறையும். குடலில் நொதித்துக் காற்றாகும் சர்க்கரைகளில் ஒரு பகுதி அந்தத் தண்ணீரோடு போய்விடுகிறது. பால் குடித்தால் மட்டும் உப்புகிறது என்பவருக்கு அக்னி ஆராய்ச்சி வேண்டாம். பாலை இரண்டு வாரம் நிறுத்திப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

மோர் இந்த நோய்க்கு மருந்து, தண்ணீர் ஊற்றிய தயிர் மருந்தல்ல. கடைந்து வெண்ணெய் எடுத்ததுதான் தக்ரம். சீரகமும் இந்துப்பும் கறிவேப்பிலையும் தட்டிப் போட்டு மதியம் குடிக்கலாம். எரிச்சல்காரருக்கும் கடும் கோடையிலும் அதைக்கூட விலக்குகிறார்கள் பழைய ஆசிரியர்கள். மழைக்காலத்தில் நேர்மாறு: அக்னி மந்தமாகி வாதம் ஏறும் பருவம் அது. கேரளத்தில் கர்க்கடக மாதத்தில் மருந்துக் கஞ்சி குடிப்பதற்குக் காரணம் அதுதான். ஆடியில் இங்கும் கேஸ் என்று வருபவர் கூட்டம் சற்று அதிகம்தான்.

அடக்கக் கூடாத வேகங்களில் அபான வாயுவை முதலிலேயே வைக்கிறது அஷ்டாங்க ஹிருதயம். ஒரு ஜவுளிக்கடை விற்பனைப் பெண்ணுக்கு மூன்று மாதம் கஷாயம், குளிகை எல்லாம் கொடுத்தும் மாலை நேர உப்புசம் அசையவில்லை. கடைசியில் பேச்சுவாக்கில் வந்தது காரணம்: கழிப்பறை நான்காவது மாடியில், போக மேற்பார்வையாளரிடம் அனுமதி கேட்க வேண்டும், ஆகவே காலை பத்து முதல் இரவு ஒன்பது வரை தண்ணீரே குடிப்பதில்லை, வந்ததை எல்லாம் அடக்கிக்கொள்வது. கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாடு சட்டம் கொண்டுவந்தது. கழிப்பறைக்குப் போக அனுமதி கேட்கும் வழக்கம் இந்தக் கடையில் அப்படியேதான் இருந்தது. அவருக்கு எழுதிக் கொடுத்தது மருந்தல்ல, 'இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கழிப்பறை செல்ல வேண்டும்' என்ற மருத்துவச் சான்று. ஒரு மாதத்தில் கஷாயம் தேவைப்படவில்லை.

மருந்தை எப்போது நிறுத்துவது என்பதற்கும் நூலில் அடையாளம் உண்டு. வாசனையில்லாத சுத்தமான ஏப்பம், உடம்பில் லேசு, மலமும் சிறுநீரும் தடையின்றிப் போவது, உரிய நேரத்தில் பசியும் தாகமும், மனதில் ஒரு சுறுசுறுப்பு: இவை செரித்ததற்கு அறிகுறிகள். இவை ஒரு வாரம் தொடர்ந்து இருந்தால் சூரணத்தை மதியத்துக்கு மட்டும் குறைத்து, அடுத்த வாரம் ஒன்றுவிட்டு ஒருநாள் கொடுத்து, பிறகு விட்டுவிடலாம். மூன்று வாரத்தில் துளியும் மாற்றமில்லை என்றால் மருந்தை மாற்றுவதற்கு முன் நோயைத் திரும்பப் பார்க்க வேண்டும். முதல் நாள் கேட்ட கேள்விகளிலிருந்தே மறுபடி தொடங்கி.